தருமபுரிப் பிள்ளைகள் யார் கணக்கில்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, எழுத்தறிவில் தமிழ்நாட்டின் கடைசி மாவட்டம் தருமபுரி. 68.54 சதவீதம். மாநிலச் சராசரி 80.09. முதலிடம் பிடித்த கன்னியாகுமரி 91.75. எங்களிடமிருந்து 2004 பிப்ரவரியில் பிரிந்துபோன கிருஷ்ணகிரி 71.46. இந்த எண்கள் வெளியாகி எத்தனையோ வருடம் ஓடிவிட்டன. இன்னமும் கல்லூரிக் கருத்தரங்கு, கட்சி மேடை, டீக்கடை என்று எங்கே தருமபுரியின் பேர் அடிபட்டாலும், கூடவே ‘பின்தங்கிய மாவட்டம்’ என்கிற அடைமொழியும் வந்து ஒட்டிக்கொள்கிறது.

நான் பென்னாகரம் பக்கத்துக்காரன். வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாள் நிரப்பும் கணக்கெடுப்பு வேலையில் ரொம்ப காலம் இருந்தவன். தருமபுரி பின்தங்கவில்லை என்று வாதாட நான் இதை எழுதவில்லை. பின்தங்கியிருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. எதில் பின்தங்கியிருக்கிறது, யார் பின்தங்கியிருக்கிறார்கள் என்பதை அந்த ஒற்றை எண் சொல்வதில்லை என்பதுதான் என் மனக்குறை. அன்றைக்குப் பள்ளிக்கூடத்தையே பார்க்காமல் வளர்ந்த கிழவர் கிழவிகள், இன்றைக்கு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் என்று இரண்டு தரப்பும் அதற்குள் கலந்து கிடக்கின்றன. படித்து முடித்ததும் பஸ் ஏறிப் போய்விட்டவர்கள் அதில் வருவதே இல்லை. பிரித்துப் பார்க்காமல் ஒரு மாவட்டத்தை எடைபோடுவது நியாயமில்லை.

பொருளாதாரத்தில் இதற்கு மனித மூலதனம் என்று பெயர். ஒருவருடைய படிப்பு, தொழில் திறமை, உடல்நலம் எல்லாம் சேர்ந்து அவருடைய உழைப்புக்குத் தரும் வலு. 1960-களின் தொடக்கத்தில் தியோடர் ஷூல்ட்ஸும் கேரி பெக்கரும் இந்தச் சிந்தனையை நிலைநாட்டினார்கள். பின்னாளில் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு நாட்டுக்குள்ளேயே ஒரு வட்டாரம் செழிப்பாகவும் இன்னொன்று வறண்டும் இருப்பது ஏன் என்று கேட்டு, 110 நாடுகளைச் சேர்ந்த 1,500-க்கும் மேற்பட்ட வட்டாரங்களை எடுத்துக்கொண்டு நடந்த ஓர் ஆய்வு 2013-ல் வெளிவந்தது. தட்பவெப்பம், கனிமவளம், கடலோரம் என்று எத்தனையோ காரணங்களை அலசியது. அவற்றையெல்லாம்விட, அங்கே வாழும் மக்களின் கல்விதான் வட்டார வேறுபாட்டை அதிகம் விளக்குகிறது என்ற முடிவுக்கு வந்தது. சரி, கல்விதான் முக்கியம். அதை எப்படி அளப்பது என்கிற இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது.

எழுத்தறிவுக் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். ஏழு வயதோ அதற்கு மேலோ ஆன ஒருவர் ஏதாவது ஒரு மொழியில் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்தவராக இருந்தால் அவர் எழுத்தறிவு பெற்றவர். விளக்கம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கெடுப்பவர் யாருக்கும் பரீட்சை வைப்பதில்லை. வாசலில் நிற்பவர் சொல்வதுதான் பதில். பெரும்பாலும் வீட்டிலுள்ள ஒருவர் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுவார். எங்கள் பக்கம் மகளிர் குழுவில் சேர்ந்த பிறகு கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்ட பெண்கள் நிறையப் பேர். நூறு நாள் வேலைப் பதிவேட்டில் கைநாட்டு வைக்க மாட்டேன், கையெழுத்துதான் போடுவேன் என்று பிடிவாதமாக நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வைராக்கியத்தின் முன்னால் என் கேள்வித்தாள் ரொம்பச் சிறியது. இருந்தாலும் பேரை மட்டும் எழுதத் தெரிந்தால் கணக்கெடுப்பு விளக்கப்படி அது எழுத்தறிவு ஆகாது. “அம்மாவுக்குப் படிக்கத் தெரியுமா?” என்று கேட்டால், “ஓ, கையெழுத்தெல்லாம் போடும்” என்று மகன் பெருமையாகச் சொல்வான். அந்த இடத்தில் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது என்பது கணக்கெடுப்பவரின் கையில் இருக்கிறது.

இதைவிடப் பெரிய சங்கதி வயது. நூறு பேர் வாழும் ஓர் ஊரை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் 40 பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள், அவர்களில் பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. மீதி 60 பேருக்கும் தெரியும். எழுத்தறிவு 80 சதவீதம். பக்கத்து ஊரிலும் நூறு பேர். அங்கே முதியவர்கள் 20 பேர்தான், அதிலும் பாதிப் பேருக்குத் தெரியாது. இளையவர்கள் 80 பேரில் 10 பேருக்குத் தெரியாது. அங்கேயும் எழுத்தறிவு 80 சதவீதம். பட்டியலில் இரண்டும் சமம். ஆனால் முதல் ஊரின் பள்ளிக்கூடம் தன் வேலையை முழுசாகச் செய்துகொண்டிருக்கிறது, இரண்டாவது ஊரில் இன்றைக்கும் எட்டில் ஒரு பிள்ளை தவறிப்போகிறது. பணத்தை எந்த ஊருக்கு ஒதுக்குவது? 80 என்ற எண்ணை மட்டும் பார்த்தால் விடை கிடைக்காது. தருமபுரியின் 68.54-ஐயும் இப்படி வயதுவாரியாகப் பிரித்துத்தான் படிக்க வேண்டும். 2011-ல் இங்கே ஆண்களின் எழுத்தறிவு ஏறத்தாழ 77, பெண்களுடையது ஏறத்தாழ 60. அந்தப் பதினேழு புள்ளி இடைவெளியில் பெரும்பகுதி, ஆடு மேய்க்கவும் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளவும் வீட்டோடு நிறுத்திவைக்கப்பட்ட அந்தக் காலத்துச் சிறுமிகள். இன்றைக்கு அவர்கள் பாட்டிகள். இன்றைய ஆசிரியர் எவ்வளவு நன்றாகப் பாடம் நடத்தினாலும் அவர்களுடைய எண் மாறப்போவதில்லை.

வயது என்றதும் சொல்லியாக வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. மனித மூலதனத்தை அளக்கும் முறைகளிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

ஏரியூர் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேள்வித்தாளை நிரப்பிக்கொண்டிருந்தேன். “பாட்டி, உங்களுக்கு என்ன வயசு?” என்று கேட்டேன். புளியங்கொட்டை தட்டிக்கொண்டிருந்தவர் நிமிராமலே, “அறுபது போட்டுக்கோ சாமி” என்றார். உள்ளேயிருந்து மகன் எட்டிப் பார்த்து, “ஏம்மா, எனக்கே அம்பது ஆவுதே” என்றார். பாட்டி ஒரு கணம் யோசித்தார். “அப்படின்னா எழுவது போட்டுக்கோ.”

அறுபது, ஐம்பது, எழுபது. மூன்றும் பூஜ்யத்தில் முடியும் எண்கள். வயதைக் கணக்கு வைத்துக்கொள்ளத் தேவையோ வசதியோ இல்லாத சமூகத்தில் மக்கள் தங்கள் வயதைப் பூஜ்யத்திலும் ஐந்திலும் முடியும்படி சொல்வார்கள். எல்லோரும் சரியான வயதைச் சொன்னால், ஐந்தில் ஒரு பங்கினரின் வயதுதான் 0 அல்லது 5-ல் முடிய வேண்டும். அதற்கு மேல் எவ்வளவு குவிகிறதோ அதை வைத்து அந்த வட்டாரத்தின் எண்ணறிவை மதிப்பிடலாம். விப்பிள் குறியீடு என்று இதற்குப் பெயர். பொதுவாக 23 வயது முதல் 62 வயது வரை உள்ளவர்களை எடுத்துக்கொள்வார்கள். குவியலே இல்லையென்றால் குறியீடு 100. எல்லோருமே 0 அல்லது 5-ல் முடியும்படி சொன்னால் 500. பரீட்சை வேண்டாம், பள்ளிப் பதிவேடு வேண்டாம், பழைய வயதுப் பட்டியல் ஒன்று கையில் இருந்தால் போதும். ரோமானியர்களின் கல்லறைக் கல்வெட்டுகளில் செதுக்கிய வயதுகளைக்கூட இப்படி எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 1881-லிருந்து பத்தாண்டுக்கு ஒருமுறை ஆங்கில அரசு எடுத்த கணக்கெடுப்புகளில் நம் முன்னோர்களின் வயதுகள் இப்படித்தான் பத்துகளில் குவிந்து கிடக்கின்றன.

இந்த முறையையும் அப்படியே நம்பிவிட முடியாது. தன் வயது தெரியாதது அந்தப் பாட்டியின் குறை மட்டும்தானா? நாடு முழுக்கப் பதிவைக் கட்டாயமாக்கிய பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்ததே 1969-ல். அதற்குப் பிறகும் சித்தேரி, வத்தல்மலை மாதிரியான மலை ஊர்களில் பிறந்த குழந்தையைப் பதிவு செய்ய யார் கீழே இறங்கி வந்திருப்பார்கள்? எங்கள் தலைமுறை வரைக்கும், வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட்டுவிட்டால் ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொள்வார்கள். பிறந்த தேதியைத் தலைமையாசிரியரே எழுதிவிடுவார், அதுவும் மே மாதமாகவோ ஜூன் மாதமாகவோ. எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அந்த இரண்டு மாதங்களில்தான் பிறந்தநாள். ஆதார் வந்த பிறகு, வருடம் மட்டும் தெரிந்தவர்களெல்லாம் ஜனவரி 1-ல் பிறந்தவர்களாகிவிட்டார்கள். ஆக, வயதுக் குவியல் மனிதர்களின் எண்ணறிவோடு சேர்த்து, அரசாங்கத்தின் பதிவேடு அந்த ஊரை எப்போது எட்டியது என்பதையும் அளக்கிறது. ஒரு வட்டாரத்தை அளக்கப் போனால் அங்கே அரசு செய்ததும் செய்யாமல் விட்டதும் அளவுக்குள் வந்துவிடும். வரத்தான் வேண்டும்.

அடுத்தது, எத்தனை வருடம் படித்தார்கள் என்பது. எழுத்தறிவைவிட இது மேல். ஆனால் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர் என்றால் ஐந்தாம் வகுப்புப் பாடம் தெரிந்தவர் என்று பொருளில்லை. உலக வங்கி 2018-ல் தொடங்கிய மனித மூலதனக் குறியீடு இதைத் தேர்வு மதிப்பெண்ணால் சரிக்கட்டப் பார்க்கிறது. 2020 கணக்கில் ஓர் இந்தியக் குழந்தை 18 வயதுக்குள் சராசரியாக 11.1 வருடம் பள்ளியில் இருக்கும். கற்றதை வைத்துப் பார்த்தால் அது 7.1 வருடத்துக்குச் சமம். நான்கு வருடம் எங்கோ கரைந்துபோகிறது. ஐந்து வயது வரை பிழைத்திருப்பது, வயதுக்கேற்ற உயரம், பெரியவர்களின் ஆயுள் இவற்றையும் சேர்த்து இந்தியாவின் குறியீடு 0.49. முழுக் கல்வியும் முழு நலமும் கிடைத்திருந்தால் எட்டக்கூடிய உழைப்புத் திறனில் பாதியைத்தான் இன்று பிறக்கும் குழந்தை எட்டும் என்று இதற்குப் பொருள்.

கற்றதை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. 2005-லிருந்து ‘அசர்’ (ASER) என்கிற கல்வி நிலை ஆய்வு கிராமப்புறங்களில் அதைச் செய்கிறது. ஒரே ஒரு தாள். எழுத்துகள், சொற்கள், ஒரு சின்னப் பத்தி, கொஞ்சம் நீளமான ஒரு கதை. கதை இரண்டாம் வகுப்புத் தரம். பள்ளிக்குப் போகாமல் வீட்டுக்கே போய்ப் பிள்ளையை உட்காரவைத்துப் படிக்கச் சொல்வார்கள். பள்ளியில் சேராத பிள்ளையும் அன்றைக்கு மட்டம் போட்ட பிள்ளையும் கணக்கில் வந்துவிடும் என்பது இதன் பெரிய பலம்.

நானும் இந்த மாதிரித் தாளோடு அலைந்தவன். நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு வீட்டில் ஐந்தாவது படிக்கும் பையன் கதையைப் படிக்க ஆரம்பித்தான். ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்து நகர்த்தி, சொல்லைச் சேர்த்து, அடுத்த சொல்லுக்குப் போவதற்குள் முந்தையதை மறந்து மறுபடி தொடங்கினான். அவனுடைய அம்மா அடுப்பை விட்டு எழுந்து வந்து நின்றார். அவருக்குப் படிக்கத் தெரியாது. பையன் படிப்பது சரியா தப்பா என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரே வழி என் முகத்தைப் பார்ப்பதுதான். “நல்லா படிக்கிறானாங்க?” என்று கேட்டார். தினமும் பள்ளிக்கூடம் அனுப்புகிறார், சீருடை துவைத்துப் போடுகிறார், கூலியில் மிச்சம் பிடித்து நோட்டு வாங்கித் தருகிறார். அதற்கு என்ன பலன் கிடைக்கிறது என்று பார்த்துச் சொல்ல அந்த வீட்டில் ஆள் இல்லை. படித்த அம்மா இருக்கிற வீட்டில் ஒரே வாரத்தில் தெரிந்துபோகிற குறை இங்கே ஐந்து வருடம் தெரியாமலே இருந்திருக்கிறது. ஒரு தலைமுறையின் எழுத்தறிவு அடுத்த தலைமுறையை எப்படித் தொடுகிறது என்பதை எனக்கு எந்தப் புத்தகமும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

இந்த ஆய்வுகளை வைத்து மாவட்டங்களை வரிசைப்படுத்துவதில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். ஒரு மாவட்டத்துக்கு 30 கிராமம், கிராமத்துக்கு 20 வீடு, ஆக 600 வீடு என்பது அசரின் வழக்கமான அமைப்பு. அதில் ஒரு குறிப்பிட்ட வகுப்புப் பிள்ளைகள் என்று பிரித்தால் கொஞ்சம் பேர்தான் மிஞ்சுவார்கள். 70 பிள்ளைகள் கிடைத்து, அவர்களில் 40 சதவீதம் பேர் படித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். உண்மை 29-ஆகவும் இருக்கலாம், 51-ஆகவும் இருக்கலாம். ஒரே ஊரிலிருந்து பல பிள்ளைகளை எடுப்பதால் நிஜத்தில் இடைவெளி இன்னும் கூடும். பக்கத்து மாவட்டத்தைவிட மூன்று புள்ளி குறைவு என்று தலைப்புச் செய்தி போடுவதற்கு இதில் இடமே இல்லை.

பொதுத்தேர்வுத் தேர்ச்சி சதவீதத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆண்டுதோறும் மே மாதம் மாவட்டவாரிப் பட்டியல் வந்ததும் எல்லோரும் பார்ப்பது அதைத்தான். தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்பது மட்டுமே அதில் இருக்கிறது. எங்கள் உறவுக்காரப் பெண் ஒருத்தி ஒன்பதாவதில் கணக்கில் திணறினாள். பத்தாவது போனால் பள்ளியின் நூறு சதவீதம் கெட்டுவிடும் என்று டி.சி. வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். வாங்கினாள், படிப்பும் அதோடு நின்றுபோனது. அந்த வருடப் பட்டியலில் அந்தப் பள்ளியின் எண் கூடியது, குறையவில்லை. இதன் இன்னொரு முகம் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரை. 2017-ல் மாநில முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தை அரசு நிறுத்துவதற்கு முந்தைய ஆண்டுகளில் அந்தப் பக்கத்துத் தனியார் பள்ளி மாணவர்கள் மாநிலத்திலேயே முதலிடம் வாங்கினார்கள். எழுத்தறிவில் கடைசி வரிசையில் நிற்கும் வட்டாரம் மதிப்பெண்ணில் முதல் வரிசையில் நின்றது. விடுதியோடு சேர்ந்த இந்த வகைப் பள்ளிகளில் வெளிமாவட்டப் பிள்ளைகளும் வந்து தங்கிப் படிப்பார்கள். அந்த மதிப்பெண்களை எந்த மாவட்டத்தின் பேரில் எழுதுவது?

படிப்பையும் மதிப்பெண்ணையும் விடுங்கள், சந்தை ஒருவருக்கு என்ன கூலி கொடுக்கிறதோ அதுதான் அவருடைய திறமையின் அளவு என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு வருடம் கூடுதலாகப் படித்தால் சம்பளம் உலகச் சராசரியில் சுமார் 9 சதவீதம் கூடுகிறது என்பது பல நாட்டு ஆய்வுகளின் முடிவு. பொருளாதார அறிஞர் ஜேக்கப் மின்சர் வகுத்த சமன்பாட்டிலிருந்து வரும் கணக்கு இது. ஆனால் வட்டாரங்களை ஒப்பிடும்போது கூலி ஏமாற்றிவிடும். பென்னாகரத்தில் கொத்தனார் வேலை பார்ப்பவர் ராத்திரி பஸ் பிடித்துக் காலையில் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரில் இறங்குகிறார். அதே கை, அதே கரண்டி, அதே மட்டப்பலகை. கூலி மட்டும் ஏறிவிடுகிறது. ராத்திரி பஸ்ஸில் அவருடைய மனித மூலதனம் கூடிவிட்டதா? கூடவில்லை. நகரத்தில் கட்டடம் அதிகம், முதலாளி அதிகம், விலைவாசியும் அதிகம். அதெல்லாம் இடத்தின் பங்கு, அவருடைய பங்கு இல்லை.

இடத்தின் பங்கையும் ஆளின் பங்கையும் பிரிக்க ஆய்வாளர்கள் ஒரு நல்ல வழி கண்டுபிடித்தார்கள். வெவ்வேறு நாட்டிலிருந்து அமெரிக்காவுக்குப் போய் வேலை செய்பவர்களை ஒப்பிட்டார்கள். எல்லோரும் ஒரே சந்தையில் நிற்கிறார்கள், அதனால் சம்பள வித்தியாசம் அவர்கள் கூடக் கொண்டுவந்த படிப்பையும் திறமையையும் காட்டும். இதையே நாட்டுக்குள்ளும் செய்யலாம். தருமபுரியில் பிறந்தவரும் கன்னியாகுமரியில் பிறந்தவரும் ஒரே பெங்களூரில், ஒரே மாதிரித் தொழிலில், ஒரே வயதில் என்ன வாங்குகிறார்கள் என்று பார்த்தால் இரண்டு மாவட்டப் பள்ளிகளும் எதைக் கொடுத்து அனுப்பின என்பது ஓரளவு தெரியவரும். ஓரளவுதான். ஏனென்றால் ஊரை விட்டுப் போகிறவர்கள் ஊரின் சராசரி ஆட்கள் இல்லை. படித்ததால் போகிறவரும் உண்டு, மழை பொய்த்துக் கடன் கழுத்தை நெரித்ததால் போகிறவரும் உண்டு. எங்கள் மாவட்டத்திலிருந்து பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் இரண்டு வகையினரும் போகிறார்கள்.

என் மனசை உறுத்துவது இந்த இடம்தான். ஒரு பிள்ளையை எங்கள் ஊர் அங்கன்வாடி சோறு போட்டு வளர்க்கிறது. அரசுத் தொடக்கப்பள்ளி எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறது. அப்பா அம்மா ராகியும் தக்காளியும் விளைத்துக் கல்லூரிக்கு அனுப்புகிறார்கள். இருபத்திரண்டு வயதில் அவள் ஓசூர் சிப்காட்டுக்கோ பெங்களூருக்கோ போகிறாள். அடுத்த கணக்கெடுப்பில் அவளுடைய பட்டப்படிப்பு அந்த ஊரின் பேரில் ஏறிவிடுகிறது. அவளை அனுப்பிவிட்டு ஊரில் தனியாக இருக்கும் பாட்டி தருமபுரியின் பேரில் எழுத்தறிவு இல்லாதவராகப் பதிவாகிறார். நன்றாகப் படிக்கவைத்து அனுப்பிய ஒவ்வொரு பிள்ளைக்காகவும் எங்கள் மாவட்டத்தின் சராசரி இறங்குகிறது. பள்ளிக்கூடம் எவ்வளவுக்கெவ்வளவு நன்றாக வேலை செய்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு பட்டியலில் மோசமாகத் தெரியும்.

கிருஷ்ணகிரிக்கு இது தலைகீழாக நடக்கிறது. 1970-களிலிருந்து ஓசூரில் தொழிற்பேட்டை வளர்ந்தது. லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் என்று தொடங்கி இன்றைக்கு மின்சார ஸ்கூட்டர், கைப்பேசி உதிரிபாகம் வரை வந்துவிட்டது. எங்கெங்கிருந்தோ வந்த டிப்ளமோக்காரர்களும் பொறியாளர்களும் அங்கே குடியிருக்கிறார்கள். அவர்களைப் படிக்கவைத்த செலவு வேறு மாவட்டங்களுடையது, வேறு மாநிலங்களுடையது. மாவட்டச் சராசரியில் அவர்கள் கிருஷ்ணகிரிக்காரர்கள். அதே மாவட்டத்தில் ஓசூரைத் தாண்டி தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி என்று மலைக்காட்டுக்குள் போனால், உயர்நிலைப்பள்ளி தூரம் என்பதால் எட்டாவதோடு பெண்ணை நிறுத்திச் சின்ன வயதிலேயே கல்யாணம் முடித்துவிடுகிற ஊர்கள் இன்னும் இருக்கின்றன. ஓசூரின் பொறியாளரையும் மலையூர்ச் சிறுமியையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வரும் எண் யாருடைய வாழ்க்கையையும் சொல்லாது. அந்தச் சிறுமி கண்ணில் படாமல் போய்விடுவதுதான் மிச்சம். மாவட்ட எண் போதாது, ஊராட்சி ஒன்றிய அளவுக்காவது இறங்கியே ஆக வேண்டும்.

மொழியும் இருக்கிறது. தளி, கெலமங்கலம், வேப்பனப்பள்ளிப் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் ஏராளம். அங்கே தமிழ்த் தாளை மட்டும் நீட்டிப் படிக்கச் சொன்னால் அந்தப் பிள்ளை எவ்வளவு கற்றிருக்கிறது என்பது தெரியாது. கணக்கெடுப்பு விளக்கத்தில் ‘ஏதாவது ஒரு மொழி’ என்று இருப்பது இதற்காகத்தான்.

அப்புறம் தண்ணீர். மனித மூலதனம் என்றால் பள்ளிக்கூடம் மட்டும்தான் என்று நினைப்பவர்கள் எங்கள் ஊர்களில் நடுத்தர வயதுக்காரர்களின் பற்களைப் பார்க்க வேண்டும். இரண்டு மாவட்டங்களிலும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதைத் தாண்டிய தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பல் காவியேறும். வருடக்கணக்கில் குடித்தால் மூட்டும் முதுகும் இறுகிப்போகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு 2008-ல் தொடங்கி 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் பேரிலேயே ஃப்ளூரோசிஸ் (ஃப்ளோரைடால் வரும் இந்த நோய்) தடுப்பு என்ற சொல்லும் இருக்கிறது. அதற்கு முன்னால் வளர்ந்தவர்களின் உடம்பில் ஏறியது ஏறியதுதான். நாற்பத்தைந்து வயதில் குனிந்து நாற்று நட முடியாமல் போன ஒருவருடைய இழப்பு எந்தப் படிப்புக் கணக்கிலும் வராது. அவர் எத்தனை வருடம் படித்தார் என்று மட்டும் கேட்டால் அவருக்கு நேர்ந்தது நமக்குத் தெரியாமலே போய்விடும்.

இத்தனையையும் ஒரே குறியீட்டில் அடைக்கும்போது எதற்கு எவ்வளவு எடை கொடுக்கிறோம் என்பது முடிவையே மாற்றிவிடும். 2018-ல் ஒன்றிய அரசு முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று நாடு முழுக்கத் தேர்ந்தெடுத்தபோது தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றவை விருதுநகரும் ராமநாதபுரமும். எழுத்தறிவில் கடைசியாக இருந்த தருமபுரி அதில் இல்லை. அந்த இரண்டு மாவட்டங்களுக்கும் தேவை இல்லை என்று நான் சொல்லவில்லை. அளவுகோலை மாற்றினால் ‘பின்தங்கிய’ என்ற பட்டம் வேறு ஊருக்குப் போய்விடுகிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு அட்டவணை. குறுக்கு வரிசையில் பிறந்த மாவட்டம். நெடுக்கு வரிசையில் பத்துப் பத்து வருடமாகப் பிறந்த காலம். ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை வருடப் படிப்பு, இப்போது எங்கே வசிக்கிறார்கள். இதைப் போட்டுவிட்டால், 1950-களில் பிறந்த தருமபுரிப் பெண்களுக்கு நாம் என்ன செய்யாமல் விட்டோம், 2000-க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு என்ன செய்திருக்கிறோம், அவர்களில் எத்தனை பேரை வளர்த்து மற்ற ஊர்களுக்குக் கொடுத்திருக்கிறோம் என்று தனித்தனியாகத் தெரிந்துவிடும். இதற்குப் புதிதாக எந்தக் கேள்வியும் வேண்டாம். வயது, முடித்த படிப்பு, பிறந்த ஊர் மூன்றையும் 2011 கணக்கெடுப்பே கேட்டது. மூன்றையும் மாவட்டவாரியாக ஒன்றாகச் சேர்த்து யாருக்கும் எளிதில் கிடைக்கும்படி வெளியிட வேண்டும், அவ்வளவுதான். மாநிலத் திட்டக் குழு நினைத்தால் கேட்டு வாங்க முடியும்.

அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாக வைத்து நடக்கவிருக்கிறது. பிறந்த ஊரைக் கேட்கும்போது எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு குழப்பம் வரும். 1965 அக்டோபர் 2 வரைக்கும் நாம் எல்லோரும் சேலம் மாவட்டம். அதன் பிறகு தருமபுரி. 2004-லிருந்து ஒரு பாதி கிருஷ்ணகிரி. ஊத்தங்கரையில் 1990-ல் பிறந்தவர் பழைய சான்றிதழைப் பார்த்துத் தருமபுரி என்பார், அவருடைய அப்பா சேலம் என்பார். 2011-ல் எழுதச் சொன்னது பிறந்த ஊர் இன்றைக்கு எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அந்த மாவட்டத்தை. பெங்களூரிலோ திருப்பூரிலோ இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் இதை வாசித்தால், கணக்கெடுப்பவர் வந்து நிற்கும்போது ஊரின் பெயரையும் இன்றைய மாவட்டத்தையும் சரியாகச் சொல்லுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.